தாசில்தாருக்கு ஒரு செடி

ஆதினி தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டதும் தையல்நாயகி பால்கனிக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவளுக்கு அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது. பலகாரம் முடிந்ததும் பெண் ஐதராபாத்தில் இருக்கும் தன் அம்மாவோடு செல்போனில் முகம் பார்த்துப் பேச உட்கார்ந்துவிடுவாள். கூடத்தில் இருந்தால் வார்த்தை கேட்கும், சமையலறையில் இருந்தால் சிரிப்பு கேட்கும், படுக்கையறையில் இருந்தால் இரண்டும் கேட்காது, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருப்பவள் மாதிரி ஆகிவிடும். அவள் கணவன் சென்னியப்பன் அந்த நேரத்துக்குச் சரியாகக் கறி வாங்கக் கிளம்பிவிடுவான். மகளும் முதல் மனைவியும் பேசி முடிக்கிறவரை வடவள்ளிக் கறிக்கடையில் கூட்டம் குறையவே குறையாது. அது எப்படி என்று அவள் கேட்டதில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், இரண்டு வருஷம் இருக்கும், காய்ந்த துணிகளை மறுபடி உதறி மறுபடி கொடியில் போட்டுக்கொண்டு நின்றாள். எதிர்மாடி அம்மாள் ஒருநாள், “இன்னும் ஈரம் போகலீங்களா?” என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் செடி வளர்க்கலாம் என்று தோன்றியது. செடி வைத்திருப்பவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குனிந்துகொண்டிருக்கலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

அவள் குனிந்தாள். கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் கூடையை எடுத்ததும் தொட்டிக்குள் செடி தலையை உதறிக்கொண்டது மாதிரி இருந்தது. புதினாவுக்குப் பெரியப்பா மகன் போல ஒரு செடி. இலையின் விளிம்பெல்லாம் பல் பல்லாக, மேலே நரைத்த பச்சை, தடவினால் பூனைக்காது மாதிரி ஒரு மென்மயிர். பூனைக்காது என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் பூனைக்காதை அவள் தொட்டதே இல்லை. அந்த வீட்டுப் பூனை இப்போது ஏசி எந்திரத்தின் வெளிப்பெட்டிமேல் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், கறுப்பு வரி, கழுத்தில் மட்டும் மடித்த துண்டு போல ஒரு வெள்ளை. பெயர் தாசில்தார். சோறு வைத்தால் வரும். வைத்த கை விலகிய பிறகுதான் வரும். தின்னும், பாத்திரத்தைச் சரிபார்க்கும், போய்விடும். இரண்டு வருஷமாக அதே நடைமுறை. பூனைக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தது பூங்கோதை, சென்னியப்பனின் முதல் மனைவி, இப்போது அறைக்குள் செல்போனில் இருப்பவள். தையல்நாயகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் இதைக் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. இப்படிப் பெயர் வைக்கத் தெரிந்த ஒருத்தியைத் தனக்குப் பிடித்துப்போய்விட்டால் என்ன செய்வது?

பிடிக்கலாமா என்பது முதல் கேள்வி. பிடித்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது அடுத்த கேள்வி. பெரியம்மா மகளின் கணவனின் தம்பிக்குக்கூட உறவுமுறைச் சொல் வைத்திருக்கிற மொழியில், கணவனை முன்னால் கட்டியிருந்தவளை அழைக்க ஒரே ஒரு சொல்தான், சக்களத்தி. அதை யாரும் அன்பாகச் சொல்லிக் கேட்டதில்லை. குழாயடிச் சண்டைக்கென்றே செய்த சொல். ஆதினிக்கும் அதே கஷ்டம்தானே. சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள். சித்தி என்றால் அம்மாவின் தங்கையும் உண்டு, சூடு வைக்கிற சித்தியும் உண்டு, அந்தப் பெண் எதை நினைத்துக்கொண்டு கூப்பிடும்? அதனால் கூப்பிடவே இல்லை. “அது வந்து…” என்று ஆரம்பிப்பாள். பக்கத்தில் வந்து நின்று கொலுசை ஒருமுறை ஆட்டுவாள். அவசரமென்றால் “ஏங்க” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். பெயரே இல்லாமல் ஒருத்தியோடு இரண்டு வருஷம் பேசுவதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்று தையல்நாயகி பல தடவை வியந்திருக்கிறாள், கோபமில்லாமல், உண்மையாகவே வியந்திருக்கிறாள். உள்ளே அம்மாவிடம் இவளைப் பற்றி என்ன சொல்வாள்? இவங்க என்பாளா, அவங்க என்பாளா? இவங்க என்றால் பக்கம், அவங்க என்றால் தூரம். ஒரே ஒரு எழுத்து. அதைத் தெரிந்துகொள்வதற்காகச் சமையலறைச் சுவரில் காதை வைக்கலாமா என்று ஒருநாள் தோன்றியதும்தான் இந்தப் பால்கனிக் கதவையும் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

பூங்கோதையைப் பற்றி அவளுக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். மாமியார் சொன்னது, “அவளுக்கு வேலைதான் பெருசு.” சென்னியப்பன் சொன்னது, “ஒத்து வரலை.” ஒன்பது வருஷத்துக்கு இரண்டு வார்த்தை. மற்றதெல்லாம் வீடு சொன்னது. குளியலறையில் கண்ணாடி மாட்டியிருந்த ஆணித் துளை, இப்போதைய கண்ணாடிக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது, ஆகவே உயரமானவள். அடுப்பு மேடையின் இடது மூலையில் ஓயாமல் சூடான பாத்திரத்தை இறக்கிவைத்த கருப்பு வட்டம், ஆகவே இடதுகைக்காரியோ? பால்கனிக் கூரையில் ஊஞ்சல் கொக்கி. ஊஞ்சல் இல்லை. கொண்டுபோய்விட்டாளா, மாட்டவே இல்லையா? கேட்டால் சென்னியப்பன் முகம் மூடிக்கொள்ளும். நூற்பாலையில் தையல்நாயகிக்கு நூல் சோதிக்கிற வேலை. நூலை எந்திரத்தின் இரண்டு பிடியில் மாட்டினால் அது இழுத்துக்கொண்டே போகும், பட்டென்று அறும், எத்தனை தாங்கியது என்று எண் காட்டும். அறுந்த பிறகுதான் பலம் தெரியும், அந்தச் சோதனையின் லட்சணமே அதுதான். அறுந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். சில நூல் சன்னமான இடத்தில் அறும், அதில் ஆச்சரியமில்லை. சில நூல் தடித்த இடத்தின் பக்கத்திலேயே அறும். முறுக்கெல்லாம் சன்னத்துக்குப் போய்விட, தடித்த இடம் முறுக்கில்லாமல் தளர்ந்து கிடந்திருக்கும். ஒத்து வரலை என்பது இதில் எது?

அறைக்குள்ளிருந்து சத்தமே இல்லை. இந்த நேரத்துக்கு வழக்கமாக ஒரு சிரிப்பாவது கதவுகளைத் தாண்டி வரும். தையல்நாயகி விரலால் மண்ணைக் குத்திப்பார்த்தாள். ஈரம் போதும். நிறைய ஊற்றினால் அழுகிவிடும், முதல் தடவை செய்த தப்பு அது. முதல் தடவை எத்தனை தப்பு! ஆலையில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி செல்போனில் காட்டிய படத்தில்தான் இந்தச் செடியைப் பற்றித் தெரிந்தது. வெளிநாட்டுப் பூனை ஒன்று இலையில் முகத்தைத் தேய்த்து, உருண்டு, எச்சில் வடித்து, கள்ளுக்கடை வாசலில் கிடப்பவன் மாதிரி கிடந்தது. பார்த்த அன்றே விதைக்கு எழுதிப்போட்டாள். பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினால் கடுகில் பாதிகூட இல்லை, பழுப்பாகத் தூள் மாதிரி. ஆலையிலிருந்து எடுத்துவந்த பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒவ்வொரு விதையின் ஒரு முனையிலும் இரண்டு வெள்ளைப்புள்ளி, கண் மாதிரி. கை நிறையக் கண்கள் அவளைப் பார்த்தன. இதற்குள் பூனையை உருளவைக்கிற வாசம் எங்கே இருக்கிறது? பூனையை ஒருதடவைகூடப் பார்த்திராத விதைக்குப் பூனையின் மூக்கு எப்படித் தெரியும்? அன்று இரவு முழுக்க இதே யோசனை. குளிர்ந்த தேசத்து விதை, பனி பட்டால்தான் விழித்துக்கொள்ளும் என்று படித்து, பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் உறைபெட்டியில் வைத்தாள். சென்னியப்பன் எடுத்துப்பார்த்து, “சீரகத்தை எதுக்கு இங்க வெச்சிருக்கே?” என்றான். அப்புறம் ஒருநாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மண்ணில் தூவி, அழுத்தி, காத்திருந்தாள்.

முளைத்தது. ஒரே ஒன்று. இரண்டிலை விட்டு, நாலிலை விட்டு, விளிம்பில் பல் வைத்து, படத்தில் போலவே ஜோராக. அவள் அதற்குக் காலையில் வெயில் காட்டினாள், மத்தியானம் நிழலுக்கு நகர்த்தினாள், ஆலைக்குப் போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். முழங்கை உயரம் வந்த பிறகு சென்னியப்பன் பல்குச்சியோடு வந்து நின்று பார்த்தான். “ஏம்மா, குப்பைமேனியை எதுக்கு இப்படி அருமையா வளக்கறே? சொறி சிரங்கு ஏதாவதா?” அவன் சிரித்த சிரிப்பில் எதிர்மாடி அம்மாள் எட்டிப்பார்த்தாள். மண்ணோடு வந்த களை. தையல்நாயகிக்கு அவமானமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேரோடு பிடுங்கிச் சுற்றுச்சுவர் ஓரமாக எறிந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தத் தெருப்பூனைகள் அத்தனையும் சுவரோரம் கூடி, அந்த வேரைக் கடித்து, தேய்த்து, புரண்டு, ஒரே களேபரம். அப்புறம்தான் தேடிப்படித்தாள், குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் இருக்கிறது. கடல் தாண்டி விதை வரவழைத்தவள், வீட்டுக் களையைத் தானே பிடுங்கி ஊர்ப் பூனைகளுக்கு விருந்து வைத்திருக்கிறாள். அதுவும் பரவாயில்லை. தாசில்தார் அன்றைக்கு ஜன்னல் மேலிருந்த நிழல்பலகையில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது, மனுக்கொடுக்க வந்த கூட்டம் தானாகக் கலையட்டும் என்று இருக்கிற மாதிரி. இறங்கவே இல்லை.

அப்போதே விட்டிருக்கலாம். விடமுடியவில்லை. மண்ணை மாற்றி, சல்லடையில் சலித்து, மீதி விதையைத் தூவினாள். வாரம் கழித்து ஒரு காலை, மண்மேல் பச்சைப்பொட்டு வைத்த மாதிரி ஏழெட்டு. அந்தச் சமயத்தில்தான் ஆதினி பின்னால் வந்து நின்று கொலுசை ஆட்டினாள். “அது என்ன செடி?” தையல்நாயகி திரும்பாமலே, “புதினா” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைவு ஒரு முடிச்சில் மாட்டிக்கொள்ளும். பூனைக்கு என்று சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். உங்கம்மாவின் பூனை என்னிடம் வரமாட்டேன் என்கிறது, அதனால் இலை கொடுத்து வரவழைக்கப் பார்க்கிறேன் என்று பதினோரு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? தாசில்தாருக்கு லஞ்சம். அப்படி வந்து உருண்டால்தான் அது யாரிடம் உருளும், இவளிடமா, இலையிடமா? இலை தீர்ந்தால்? பத்து நிமிஷம்தான் அந்த மயக்கம் என்று படித்திருக்கிறாள், அதற்குப் பிறகு எழுந்து உடம்பை நக்கிக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போலப் போய்விடுமாம். பத்து நிமிஷம் போதுமா? போதும் என்றுதான் தோன்றியது. ஒரு தடவை அந்தக் காதைத் தொட்டுப்பார்த்துவிட்டால் போதும். பின்னே, அந்தப் பெண்ணுக்கும் இவள் செய்ததெல்லாம் இலைதானா, சனிக்கிழமை முறுக்கு, பள்ளிக்கூட நாடகத்துக்குத் தைத்துக்கொடுத்த மயில் உடை, அதெல்லாம்? இலைக்கும் இலை இல்லாததுக்கும் நடுவே கோடு எங்கே?

இன்னும் சத்தம் இல்லை. ஒரு முனகல் மாதிரி ஏதோ. அழுகையா? இருக்காது. இருக்குமோ. வியாழக்கிழமை சென்னியப்பன் அவளை ஆலையில் விட ஸ்கூட்டரில் கூட்டிப்போகும்போது, லாலி ரோடு நெரிசலில், திரும்பாமலே சொன்னான். “கோதை கேக்கறா. முழுப்பரீட்சை முடிஞ்சதும் ஆதினியை அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கட்டுமான்னு.” அவன் முதுகுதான் இவளுக்குத் தெரிந்தது. சட்டையில் இஸ்திரி மடிப்பு நேராக இறங்கியிருந்தது. “நீங்க என்ன சொன்னீங்க?” என்றாள். “ஆதினிகிட்டயே கேளுன்னு சொன்னேன்.” அவ்வளவுதான். பச்சை விளக்கு விழுந்துவிட்டது. அப்போது முதலில் வந்தது என்ன? அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. முதலில் வந்தது ஒரு காற்று. ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்காரலாம் என்ற காற்று. கொலுசுச் சத்தத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டாம், எதைச் சமைத்தாலும் அவள் அம்மா சமைத்தது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டாம். ஆலை வாசல் வருவதற்குள் அந்தக் காற்று நின்றுவிட்டது. எந்திரத்தில் நூலை மாட்டிவிட்டு, அது இழுபடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அறுவதற்கு முன் கையை வைத்து நிறுத்திவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை. மேற்பார்வையாளர் என்னம்மா என்றார். தூசி சார், என்றாள்.

இன்றைக்கு அந்தக் கேள்வி உள்ளே கேட்கப்படுகிறதோ? சத்தமில்லாமல் இருப்பது அதனால்தானோ? பெண் என்ன சொல்வாள்? சரி என்பாள். ஏன் சொல்லக்கூடாது, பெற்றவள் கூப்பிடுகிறாள். மாட்டேன் என்று சொன்னால்தான் ஆச்சரியம். மாட்டேன் என்று சொன்னால் எதற்காகச் சொல்வாள், அப்பாவுக்காகவா, பள்ளிக்கூடத் தோழிகளுக்காகவா, பூனைக்காகவா? அந்த வரிசையில் தான் எத்தனையாவது என்று எண்ண ஆரம்பித்து, வெட்கப்பட்டு, விட்டுவிட்டாள். கையில் ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. இலை இன்றைக்குப் பறிக்கிற பருவம்தான். முழுசாய் விரிந்த கீழிலை ஒன்றைக் கிள்ளினாள். கிள்ளியதுமே வாசம் ஏறியது. புதினாதான், ஆனால் புதினா அல்ல. மழை பெய்த மருதமலைப் படிக்கட்டில் மிதிபட்ட புல், அதோடு ஏதோ மருந்துக்கடை. தனக்கு இவ்வளவுதான் தெரிகிறது. இதற்குமேலே இந்த இலையில் ஒரு கதவு இருக்கிறது, மனுஷ மூக்குக்குத் திறக்காத கதவு. அதற்குப் பின்னால் என்னதான் இருக்கும்? கசக்கியபோது விரலெல்லாம் பச்சையாயிற்று. பூனைபோல உருள வேண்டாம், எதைப் பார்த்து உருள்கிறது என்றாவது தெரிந்தால் நன்றாக இருக்கும். பூங்கோதைக்கு இதெல்லாம் தோன்றுமா? தோன்றும் என்று ஏனோ நினைத்தாள்.

“தாசில்தார்,” என்று மெதுவாகக் கூப்பிட்டுக் கையை நீட்டினாள். முதுகு அசையவில்லை. காது ஒன்று பின்னால் திரும்பியது. பிறகு மூக்கு. பிறகு, இரண்டு வருஷத்தில் முதன்முறையாக, முழுத் தாசில்தாரும் திரும்பியது. எந்திரப் பெட்டியிலிருந்து இறங்கி, கைப்பிடிச்சுவரில் நடந்து, அவசரமே இல்லாமல் வந்தது. தையல்நாயகி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஈரமூக்கு அவள் விரல்நுனியில் பட்டது, சில்லென்று. ஒருதடவை மோந்தது. இன்னொரு தடவை மோந்தது. மீசை சிலிர்த்தது. உருளப்போகிறது, இதோ, என்று அவள் நினைக்கும்போது ஒரு தும்மல் போட்டது. அவளை நிமிர்ந்து பார்த்தது, விண்ணப்பத்தில் ஏதோ குறை இருக்கிற மாதிரி. திரும்பி நடந்து, பழைய இடத்தில் ஏறி, பழைய மாதிரி முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டது. சில பூனைகளுக்கு இந்தச் செடி ஒன்றும் செய்யாது என்று படித்தது ஞாபகம் வந்தது. பிறவியிலேயே அப்படி, கோடி கொடுத்தாலும் வராது. நாலு மாதம்! உறைபெட்டி, சல்லடை, கூடை, பூதக்கண்ணாடி! அவளுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. தனியாக நின்று, பச்சைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கண்ணீர் நிற்காததைப் பார்த்து இது சிரிப்புத்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்த நேரத்தில், பால்கனிக் கதவு திறந்தது.

ஆதினி செல்போனை நீட்டிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருக்கவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தாள் தையல்நாயகி.

“அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்.”

“என்கிட்டயா?”

“ஆமா.”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திரையில் ஒரு பெண், தலைகுளித்த கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் மூக்கின் இரண்டு பக்கமும் அழுந்திய தடத்தோடு. உயரமா இல்லையா என்று இதில் தெரியவில்லை. களைத்த முகம். அழகாக இருப்பாளோ என்று பயந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அழகுதான், ஆனால் அந்தப் பயம் எங்கேயோ போய்விட்டது.

“வணக்கங்க,” என்றாள் பூங்கோதை. “பூனைச்செடி எப்படி இருக்குது?”

“எந்தச் செடி?”

“அதானுங்க, மொதல்ல குப்பைமேனி வந்துச்சாமே. வாராவாரம் எனக்குச் செய்தி வந்துட்டுத்தான் இருக்குது.”

தையல்நாயகி ஆதினியைப் பார்த்தாள். ஆதினி கைப்பிடிச்சுவரைப் பார்த்தாள். “நீங்க புதினான்னு சொன்னீங்க. பொட்டலம் குப்பைக்கூடைல கெடந்துச்சு. பூனைப் படம் போட்டிருந்துச்சு.”

“தெரியும்னு சொல்லியிருக்கலாமே.”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

“சரி, தாசில்தார் வந்தாருங்களா?” என்றது திரை.

“வந்தாரு. மோந்து பாத்தாரு. தும்மிட்டு, போய்த் திரும்பி உக்காந்துட்டாரு.”

பூங்கோதை சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, துண்டு அவிழ. “எனக்கும் அதேதானுங்க! அஞ்சு வருஷம் மீன் வாங்கிப்போட்டேன். ஒருநாள் மடியில ஏறுனதில்லை. எந்நேரமும் நம்மள நிக்க வெச்சே பாப்பாரு. அதனாலதான் அந்தப் பேரே வெச்சேன்.”

ஆக, இந்தப் பூனை யாருக்காகவும் காத்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த முதுகில் இவள் படித்ததெல்லாம் அதில் எழுதியே இருக்கவில்லை. இந்த நினைப்பு முழுசாக உட்காருவதற்குள் பூங்கோதை குரலைத் தாழ்த்தினாள். “ஆதினி, கொஞ்ச நேரம் உள்ள இரு கண்ணு.”

“என்னப் பத்திதானே பேசப்போறீங்க?”

“ஆமா.”

“நல்லதா மட்டும் பேசுங்க,” என்று சொல்லிவிட்டு ஆதினி போனாள்.

“அவரு சொல்லியிருப்பாருங்க,” என்றாள் பூங்கோதை. “இன்னைக்குக் கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்பறம், லீவுக்கு வர்றேன், ரெண்டு மாசம் இருந்து பாக்கறேன், பிடிச்சா இருக்கேன், பிடிக்கலைன்னா போயிடுவேங்கறா. எங்கிருந்துங்க வந்துச்சு இந்தப் பேச்செல்லாம்? நான் இங்க வரும்போது அவளுக்கு ஏழு வயசு. வருஷத்துக்கு ரெண்டு தடவை நாலு நாள் பாக்கறேன், ஞாயித்துக்கிழமை பேசறேன். எல்லாம் நல்ல துணி போட்டுக்கிட்டுப் பேசற பேச்சு. தினமும் கூடவே இருந்தா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியலீங்க. உங்களுக்குத்தான் தெரியும்.” நிறுத்தி, கண்ணைத் துடைக்கிற மாதிரி மூக்குத் தடத்தைத் தேய்த்துக்கொண்டாள். “அவ எப்படி இருப்பா? சொல்றீங்களா?”

எனக்கா தெரியும் என்று சொல்லத்தான் தையல்நாயகி வாயைத் திறந்தாள். ஆனால் வேறு வந்தது. “காலையில எழுந்ததும் பேசினா பிடிக்காது. பல் தேய்ச்சிட்டு அதுவா வந்து பேசும். கத்திரிக்காய் தொடமாட்டா, எண்ணெயில முழுசா வதக்கினா மட்டும் ரசத்துக்குத் தொட்டுக்குவா. பொய் சொன்னா வேகமாப் பேசுவா. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு வலிக்கும், மருந்து வேணாம், நாம நம்பணும், அவ்வளவுதான். செருப்பை எப்பவும் கதவுக்குக் குறுக்கே விடுவா, திட்டினா கேக்கமாட்டா, நாமளும் குறுக்கே விட்டா அவளே ரெண்டையும் ஒதுக்கி வைப்பா.” சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு எப்போது சேர்ந்தது? யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் எங்கே இருந்தது?

“இருங்க, இருங்க,” என்றாள் பூங்கோதை. “பேனா எடுத்துட்டு வந்துடறேன். மறந்துடுவேன்.”

போனை எங்கேயோ சாய்த்துவைத்துவிட்டு எழுந்துபோனாள். உயரம்தான். திரையில் இப்போது வெறும் அறை. தையல்நாயகி ஆசையோடு பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெள்ளைச்சுவர். புதுத் திரைச்சீலை, மடிப்புக்கோடு இன்னும் போகாதது. அதன் கீழே சின்னதாக ஒரு எழுதுமேசை. சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை. பதினோரு வயதுக்கு அந்த மேசை கொஞ்சம் சின்னது, முழங்கால் இடிக்கும். அளவு தெரியாமல் வாங்கியிருக்கிறாள், ஏழு வயதுக்கு வாங்கியிருக்கிறாள். இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்கிறது. இதுவரை சொன்னதெல்லாம் யாரும் பத்து நாளில் கண்டுபிடித்துவிடக்கூடியவை. இது அப்படி அல்ல. மனசுக்குள் ஏதாவது உடைந்தால் ஆதினி சமையலறை வாசலில் வந்து நிற்பாள். என்ன என்று கேட்கக்கூடாது. கேட்டால் ஒன்றுமில்லை என்று போய்விடுவாள், அதோடு போச்சு. கேட்காமல் ஒரு முறத்தில் பூண்டை வைத்து நகர்த்த வேண்டும். உட்கார்ந்து உரிப்பாள். நாமும் உரிக்க வேண்டும், முகத்தைப் பார்க்கக்கூடாது. பாதி உரிக்கும்போது தானாக வந்துவிடும், வகுப்பில் சிரித்தது, அப்பா மறந்தது, எல்லாம். போன வருஷம் ஒரு சாயங்காலம் தற்செயலாக நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை. சென்னியப்பனுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணிடமிருந்து இவளுக்கு என்று கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் சொல்லிவிட்டால் ஐதராபாத் வீட்டுச் சமையலறை வாசலிலும் ஒருநாள் அந்தப் பெண் வந்து நிற்பாள், அங்கேயும் உட்காருவாள், பிறகு இரண்டு மாசம் என்பது இரண்டு மாசமாக இருக்காது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அவள் அங்கே வாசலில் நிற்கும்போது என்னடி ஆச்சு, என்ன ஆச்சு என்று பூங்கோதை பதறிக் கேட்பாள். ஒன்றுமில்லை என்று பெண் திரும்பிப்போவாள். அந்தச் சின்ன மேசையில் முழங்கால் இடிக்கத் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

திரையில் துண்டு, பிறகு முகம், பிறகு பேனா. பூங்கோதை இப்போது கண்ணாடி போட்டிருந்தாள்.

“சொல்லுங்க,” என்றாள்.

தையல்நாயகி பால்கனித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“பூண்டு வாங்கி வெச்சுக்குங்க.”

“பூண்டுங்களா? எதுக்கு, சளி பிடிக்குமா?”

“இல்ல, சொல்றேன். ஆனா பெரிய பல்லு வேண்டாம். நாட்டுப்பூண்டு, சின்னச் சின்னப் பல்லா பாத்து வாங்குங்க. உரிக்க நேரமாகணும்.”